இரட்டைப் பிள்ளை வண்டியும் கோதண்டபாணியின் மூக்கும்

ஆம்பூர்,
9-6-1934, சனிக்கிழமை.

என் அருமை மகள் ஜெயபுஷ்பத்துக்கு, ஆம்பூர்த் தோல் கிடங்குகளில் ஒரே ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு நாற்பது லட்சம் ஆட்டுத்தோல்களுக்குத் தீர்ப்புச் சொன்ன மகா மேஸ்திரியும், அதைவிடப் பெரிய பதவியாக உனக்குச் சித்தப்பாவுமாகிய தேவானந்தம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் சித்தி ஜெபகனியும் இரும்புக் குண்டு மாதிரி இருக்கிறோம். அங்கே குன்னூர் மலைமேல் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி தெபோராளும் மூன்று மாதத்துப் பெரிய மனிதர் ஐசக்கும் அதேபோல் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் உன் சித்தி ஒரு வேளையாவது குழம்புக்கு உப்பைச் சரியாகப் போடுவாள், உன் கடிதம் தாமதமானால் முதலில் அவதிப்படுவது என் நாக்குதான். இங்கே வெயில் இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி. போன செவ்வாய்க்கிழமை பாலாற்று மணலில் ஓர் எருமை நின்ற நிலையிலேயே பதமாகிவிட்டது, சுண்ணாம்புக் குழியும் வேண்டாம் ஆவாரம் பட்டையும் வேண்டாம், உரிக்கிற வேலை ஒன்றுதான் பாக்கி என்று கிடங்கில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. காலம் அப்படி இருக்கிறது.

உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ பாடம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம் பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை திறக்கிறது, பெரிய டீச்சரம்மா இரண்டு பிள்ளைகளையும் பின்னறையில் வைத்துக்கொள்ள உத்தரவு கொடுத்துவிட்டார், பார்த்துக்கொள்ள அங்கே ஆளும் இருக்கிறது, ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஒரு மைல், அதில் பாதி ஏற்றம், மழையில் குடையையும் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைச் சுமந்துகொண்டு ஏற முடியாது, ஆகையால் தெபோராளுக்கு ஐந்து வயசு ஆகிறவரைக்கும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் சித்தப்பா, பதினான்காம் தேதி ரயிலில் மாமியார் கொண்டுவந்து விடுவார் என்று எழுதியிருந்தாய். அந்த யோசனை சம்பந்தியம்மாளுடையது என்பதும், எழுதும்போது நீ அழுதாய் என்பதும் மசி ஊறியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்ததுமே இந்தக் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. என் பதில் இதுதான். முடியாது. தெபோராளை அனுப்பாதே. அவளுக்குப் பதிலாக இங்கிருந்து ஒன்று அங்கே வருகிறது. இன்று காலை பத்து மணிக்கு ஆம்பூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் அதை ஏற்றிவிட்டுத்தான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். அது ஒரு குழந்தை வண்டி. ஒரு பிள்ளைக்கு அல்ல, இரண்டு பிள்ளைக்கு. இதைத் தேடியதிலும் திருத்தியதிலும் நான் செய்த சாகசங்களைச் சொன்னால் சரித்திரப் புஸ்தகத்தில் ஒரு பாகம் கூட்ட வேண்டிவரும், சுருக்கமாகச் சொல்கிறேன்.

போன மாசம் உன் கடிதம் வந்ததும், பதில் ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டுக் கயிறு மட்டும் கேட்டு உனக்கு எழுதினேனே, பள்ளிக்கூடத்துச் சின்ன கேட்டின் அகலத்துக்கு இரண்டு முடிச்சுப் போட்டு அனுப்பு என்று. கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நீயும் மாப்பிள்ளையும் சிரித்திருப்பீர்கள், இருந்தும் அனுப்பினாய், நல்ல பெண். அந்தக் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு வேலூர் லாங் பஜாருக்குப் போனேன். அங்கே அப்துல் கரீம் பாய் என்று ஒருவர், சீமைக்குத் திரும்பிப் போகிற துரைமார் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிறவர். கடை முழுக்க முகம் தெரியாத நிலைக்கண்ணாடியும் ஒரு கால் போன நாற்காலியும்தான். எனக்காக உள்ளே இருந்து இரண்டு வண்டிகளை வெளியே உருட்டி விட்டார். இன்னா மேஸ்திரி, ஒரு பேத்தின்னுதானே சொன்னே, ரெண்டு பேர் வண்டி கேக்கறே என்றார். ஒரு பேத்தி, ஒரு பேரன், அவன் மார்ச் மாசம்தான் வந்து சேர்ந்தான் என்றேன். அப்படின்னா மூணு பேர் வண்டியா பாத்து எடு, அடுத்த மார்ச் வராமலா போய்டும் என்றார். மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

முதல் வண்டி இரண்டு பிள்ளைகளும் அக்கம்பக்கமாக உட்காருகிற மாதிரி. பார்க்க வெகு அழகு, கல்யாண ஊர்வலத்துச் சாரட்டு மாதிரி அகலம், கறுப்பு வர்ணம், பித்தளைக் குமிழ். பாய்க்கு அதன்மேல்தான் கண். வாங்கினால் இத வாங்கு மேஸ்திரி, தொரை வூட்டுப் பிள்ளைங்க உக்காந்து ராஜா மாதிரி போன வண்டி என்று தட்டித் தட்டிக் காட்டினார். தட்டிக் காட்டுகிற சரக்கை நான் வாங்குகிறவனா. லாங் பஜாரிலேயே தள்ளிப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனேன். பத்து அடி போவதற்குள் எதிரே ஒரு மூட்டைக் கைவண்டி, பின்னாலே ஒரு மாட்டு வண்டி, நடுவிலே நான். கோட்டை கட்டின நாள் முதல் வேலூரில் அப்படி ஒரு நெரிசல் நடந்தது கிடையாது, அந்தப் பக்கம் காட்பாடி வரைக்கும் இந்தப் பக்கம் சத்துவாச்சாரி வரைக்கும் வண்டிகள் நின்றுவிட்டதாகக் கேள்வி. மாட்டு வண்டிக்காரன் என் மூதாதையர் பலரை விசாரித்தான். அங்கேயே நின்று உன் கயிற்றை எடுத்து வண்டியின் குறுக்கே பிடித்தேன். நாலு விரற்கடை ஜாஸ்தி. குன்னூரில் நீ ஒரு மைல் ஏறி வந்து கேட்டுக்கு வெளியே நின்று அழ வேண்டியதுதான். அதோடு தெபோராளையும் ஐசக்கையும் தோளோடு தோள் உட்கார வைத்தால் அவள் விரல் அவன் கண்ணுக்குப் போக எத்தனை நேரம் ஆகும். தள்ளுகிறவள் அதைப் பார்க்கவும் முடியாது.

இரண்டாவது வண்டி படகு மாதிரி நீளம், அகலம் குறைவு, கயிற்றுக்குள் மூன்று விரற்கடை மிச்சம். பிள்ளைகள் எதிரெதிர் முகமாக இருப்பார்கள், கைப்பிடிக்குப் பக்கத்து முனையில் ஒருவர், அந்தண்டை முனையில் ஒருவர், இரண்டு முனைக்கும் தனித்தனியே மடக்குக் கூரை. வர்ணம் உரிந்திருந்தது, கூரைத் துணி கந்தல், பாய்க்கே அதைக் காட்ட வெட்கம். நான் தோல் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அச்சை வளைத்துப் பார்த்தேன், சக்கரத்தைச் சுண்டிக் கேட்டேன், கைப்பிடி மரத்தில் நகத்தால் கீறினேன், கடைசியில் பலகையைக் கடித்தே பார்த்தேன். உயிர் இருந்தது. மேலே பளபளப்பும் உள்ளே ஓட்டையுமான தோலை நான் என்றைக்காவது முதல் தரத்தில் போட்டதுண்டா. இதுதான் வேண்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பரீட்சை. தெபோராளுக்குப் பதிலாக இருபத்துநாலு ராத்தல் புளியும் ஐசக்குக்குப் பதிலாகப் பன்னிரண்டு ராத்தல் வெல்லமும் ஏற்றித் தெருவைச் சுற்றி வந்தேன், அற்புதமாக ஓடியது. நின்றதும் வெல்லத்தை முதலில் இறக்கினேன், உடனே புளி இருந்த முனை கீழே போய் இந்த முனை ஆகாயத்துக்கு எழும்பி, ஒரு வருஷத்துப் புளியும் சாக்கடையில். உன் சித்தி அன்றைக்குப் பேசிய பேச்சை எழுத எனக்கு இந்தக் காகிதம் போதாது, மரியாதையும் இல்லை. ஆனால் பாடம் கிடைத்தது, கடைசியில் தனியாக எழுதுகிறேன், அதை மட்டும் சிரிக்காமல் படி.

இனிமேல்தான் என் அவமானம். கந்தல் கூரையைக் கழற்றினேன் அல்லவா, அங்கே சும்மா இருந்திருக்கலாம். ஆம்பூர் மேஸ்திரி வீட்டு வண்டிக்குத் துணிக் கூரையா என்று ஒரு கர்வம் வந்துவிட்டது. கிடங்கில் முந்நூறு தோல்களைப் புரட்டி, லண்டன் வியாபாரி காலில் விழுந்து கேட்டாலும் கொடுக்காத இரண்டு தோல்களைப் பொறுக்கினேன், மலை மழை ஒரு சொட்டு இறங்கக்கூடாது என்று ஏழு தரம் மீன் எண்ணெய் தேய்த்தேன், கூரைக்கும் அதுதான் மெத்தைக்கும் அதுதான். முகர்ந்து பார்த்தேன், மல்லிகைப்பூ. நான் ஒருவன் சொன்னால் போதாது என்று கமிஷன் வைத்தேன். கிடங்குக் கணக்கர் நசீர் அகமது கூரைக்குள் தலையை விட்டு ஒன்றும் இல்லை என்றார். இருபது வருஷமாகச் சுண்ணாம்புக் குழியில் நிற்கிற கன்னியப்பன் தலையை விட்டவன் வெளியே எடுக்கவில்லை, தூங்கிவிட்டான். ஏகமனதாக நிறைவேறியது.

போன புதன்கிழமை சந்தனம் குங்குமம் மட்டும் இல்லாத குறையாக அலங்கரித்து ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனேன், கமிஷனும் கூடவே வந்தது. பார்சல் ஆபீசில் புது கிளார்க், கோதண்டபாணி என்று பெயர், தஞ்சாவூர்ப் பக்கம், வந்து பத்து நாள்தான் ஆகிறது. வண்டி வாசலைத் தாண்டுமுன்பே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். உள்ளே என்ன தோல் என்று கேட்டார். தோல் இல்லை, குழந்தை வண்டி என்றேன். அவர் புஸ்தகத்தைப் புரட்டி, நாற்றம் உள்ள தோல் வகையறாவைப் பிரயாணிகள் வண்டியில் ஏற்ற விதி இல்லை, தோல் வாகனில்தான் போகும், வாகன் நிறைந்த பிறகுதான் புறப்படும், இரண்டு வாரம் ஆகலாம் என்றார். இரண்டு வாரம் என்றால் பதினெட்டாம் தேதி போச்சு, அதற்கு முன்னே பதினான்காம் தேதியே பிள்ளை ரயில் ஏறிவிடும். நான் என் பட்டம் பதவி எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, நாற்றம் என்கிறாயே, இதோ சாட்சி என்று நசீரையும் கன்னியப்பனையும் நிறுத்தினேன். இருவரும் முகர்ந்து, சத்தியமா ஒன்னுமில்லை சார் என்றார்கள். கோதண்டபாணி இருவரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு துண்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்கோ மேஸ்திரி. தோல்ல வேலை பாக்காதவா ஒருத்தரைக் கூட்டிண்டு வாங்கோ. அவா சொன்னா நான் ஏத்தறேன்."

ஆம்பூரில் அப்படி ஒருத்தருக்கு நான் எங்கே போவேன். அந்தச் சமயம் மெட்ராஸ் ரயில் வந்து நின்றது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் அம்மாள் இறங்கினாள், அமிர்தவள்ளி என்று பெயர், தங்கை வீட்டுக்கு வந்தவள். நிலவரத்தைச் சொன்னேன். நல்ல மனசு, சிரித்துக்கொண்டே பிள்ளையைக் கூரைக்கு அடியில் படுக்க வைத்தாள். அது மூன்று தரம் தும்மியது, பிறகு வீறிட்டு அழுதது பார், இஞ்சின் டிரைவர் இறங்கி வந்து யார் சங்கு ஊதியது என்று கேட்டார். அவள் பிள்ளையை வாரி எடுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்து, தாத்தா, இதுல எப்படிப் பிள்ளையப் போடுவீங்க, மூச்சு முட்டிடும் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பாவப்பட்டுச் சொன்னாள். தோலோடு பிறந்து தோலோடு வளர்ந்து மூக்கு செத்துப்போனவர்களை நான் நீதிபதியாக வைத்திருக்கிறேன், முதல் செத்த மூக்கு என்னுடையது. மலை மழையில் கூரையை மூடினால் அதற்குள் இருக்கப்போவது ஐசக்கின் தலை.

வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தேன். புஷ்பம், வழியில் என் மனசில் என்ன ஓடியது என்பதை உனக்கு மறைக்க மாட்டேன். வண்டி போகவில்லை என்றால் தெபோராள் வந்துவிடுவாள். என் குற்றம் இல்லை, ரயில்வே விதி. நான் முயற்சி செய்தேன் என்று உனக்கு நாலு பக்கம் எழுதலாம், நீயும் நம்புவாய். வீட்டில் உன் சித்தி உன் கடிதம் வந்த அன்றைக்கே சின்னக் கட்டிலுக்குப் புது நாடா போட்டுவிட்டாள், பூப்போட்ட சீட்டித்துணியில் ஒரு கவுன் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் பாதியில் நிறுத்தவில்லை. இந்த வீட்டில் நீ போன பிறகு சின்னக் காலடிச் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆகிறது என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் உன் பிள்ளையை வேண்டாம் என்கிறவன் இல்லை, அதை நீ புரிந்துகொள்ள வேண்டும். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் ஊசியைக் கவுனில் குத்தி வைத்துவிட்டு வாசற்கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உனக்கு ஞாபகம் இருக்காது. என் அண்ணனும் உன் அம்மாவும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போய், நான் உன்னை இங்கே தூக்கி வந்தபோது உனக்கு நாலு வயசு. சாயங்காலம் ஆனால் உன் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அழ மாட்டாய். அம்மா வருவா என்று மட்டும் சொல்வாய். பதினொரு நாள் நின்றாய். இது என் வழக்கமான கணக்கு இல்லை, பதினொன்றுதான். பன்னிரண்டாம் நாள் நீ கதவுக்குப் போகவில்லை, பெட்டியை நீயாகவே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய். ஊரார் எல்லாம் பிள்ளை பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். எங்கள் இருவருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவை யாராலும் கொண்டுவந்து கொடுக்க முடியவில்லை, நாங்கள் வளர்த்தோம், அதில் குறை ஒன்றும் இல்லை. தெபோராளின் அம்மா உயிரோடு ஒரு மைல் தூரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கதவில் இன்னொரு பிள்ளை நிற்பதை நான் பார்க்க மாட்டேன். உன் சித்தியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், கதவிலிருந்து கண்ணை எடுத்ததும் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இன்னா நின்னுக்கினு கீற. தோலைப் பிரி. எனக்குப் பிள்ளை வேணும்தான், அதுக்காக அவகிட்டயிருந்து புடுங்கியா."

பிரித்தோம். இரண்டு நாள், பகல் முழுக்க. கடைத்தெருவில் மெழுகுத்துணி வாங்கி அவள் கூரை தைத்தாள், மெத்தைக்கு இலவம்பஞ்சு அடைத்து வெள்ளைத் துணி உறை போட்டாள், கழற்றித் துவைக்கலாம். பலகையைச் சீயக்காயும் வெந்நீரும் போட்டு நான் தேய்த்தேன். தோல் என்று வண்டியில் இப்போது நாலே நாலு வார்தான், பிள்ளைகளின் இடுப்புக்கு மூன்று, உன் மணிக்கட்டைக் கைப்பிடியோடு மாட்ட ஒன்று. அவை வாசனை போகச் சோப்பு நீரில் அலசி நிழலில் காயவைத்தவை. நீரில் அலசினால் தோல் விறைத்துப் போகும் என்பதால் கையாலேயே பிசைந்து மிருதுவாக்கினேன், அவை அறாது. அதை மட்டும் என் கட்டைவிரலை நம்பி எடுத்துக்கொள், ஒரு யானையை அதில் கட்டி மலை உச்சியிலிருந்து தொங்கவிடலாம். யானை சம்மதிக்காது, அது வேறு விஷயம்.

இன்று காலை மறுபடியும் ஸ்டேஷன். இந்தத் தரம் கமிஷனை வீட்டில் விட்டுவிட்டேன். கோதண்டபாணி துண்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு கூரைக்குள் குனிந்தார். நான் முப்பது வருஷமாகப் பிறத்தியாரைக் காக்க வைத்தே பழகியவன், அந்த அரை நிமிஷம் எனக்கு முப்பது வருஷமாக இருந்தது. நிமிர்ந்தார், துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். சீயக்காய் வாசனைதான் வருது, எங்காத்துக் குழந்தையையே போடலாம் என்று சொல்லி, குழந்தை வண்டி, ஜாக்கிரதை என்று தம் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டினார். ராயபுரம் முதல் ராமேஸ்வரம் வரை இதைப்போல ஒரு மூக்கு கிடையாது. புதன்கிழமைக்குள் குன்னூருக்கு வந்துவிடும் என்றார், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பி எடுத்துக்கொள். சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம் சொல்லி, பதினான்காம் தேதிப் பிரயாணம் நின்றுபோயிற்று, அவர் மட்டும் தனியாக வருவதானால் பிரியாணியோடு வரவேற்போம் என்று மரியாதையாகத் தெரிவி.

இனி சிரிக்காமல் படிக்க வேண்டியது. ஏற்றும்போது முதலில் ஐசக், பிறகு தெபோராள். இறக்கும்போது முதலில் தெபோராள், பிறகு ஐசக். மறந்தால் புளியின் கதிதான். ஐசக்கைக் கைப்பிடி பக்கத்துக் கூரைக்கு அடியில் படுக்க வை, உன் கண் அவன்மேல் இருக்கும். தெபோராள் அந்தண்டை உன்னைப் பார்த்து உட்காரட்டும், அவளுக்கு இரண்டு வார் போட்டிருக்கிறேன், அவள் யார் பேத்தி என்பது எனக்குத் தெரியும். நின்றால் உடனே பிரேக்கை அழுத்து. இறக்கத்தில் மணிக்கட்டு வாரை மாட்டாமல் ஓர் அடி வைக்காதே. முதல் இரண்டு நாள் மாப்பிள்ளை கூடத் தள்ளட்டும், அவர் கையும் பழகட்டும்.

ஆண்டவர் உங்கள் நாலு பேரையும் மலையிலும் மழையிலும் காத்து நடத்துவாராக. பேரனுக்கும் பேத்திக்கும் என் ஆயிரம் முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். வண்டியின் அடிப்பலகையைத் தூக்கினால் ஒரு பொட்டலம் இருக்கும், அதில் அந்தப் பூப்போட்ட கவுன். இப்போது போட்டுப் பார்த்தால் தெபோராளுக்குக் காலைத் தாண்டித் தரையில் புரளும், அளவு தப்பிவிட்டது என்று நினைக்காதே, அதைப் பிரித்து உன் சித்தி நேற்றுத்தான் பெரிதாகத் தைத்தாள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் லீவுக்கு நாலு பேருமாக வரும்போது அவளுக்குச் சரியாக இருக்குமாம். சின்னக் கட்டிலை நாங்கள் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னை மகளாகப் பெற்ற பெருமையில் குறையாத சித்தப்பா,
மேஸ்திரி தேவானந்தம்.